தென்னமெரிக்கப் பட்டு அந்துப்பூச்சிகள்: வகைப்படுத்தவும் பரவலை வரைபடமாக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னமெரிக்காவில் "பட்டு அந்துப்பூச்சி" என்ற பெயர் ஆளைக் குழப்பும். முசுக்கொட்டை இலை தின்று பட்டு தரும் பாம்பிக்ஸ் மோரி வேறு குடும்பம். இங்கே பேசப்போவது சாட்டர்னிடே குடும்பத்தை. நம் டசர், முகா, எரி பட்டுப்பூச்சிகளும் அட்லஸ் அந்துப்பூச்சியும் இதே குடும்பம்தான். தென்னமெரிக்காவில் இக்குடும்பத்தின் 6 துணைக்குடும்பங்கள் வாழ்கின்றன. அவற்றில் கெட்டியான பட்டுக்கூடு கட்டுவது ஒன்றே. மற்றவற்றில் பல மண்ணுக்குள் வெறும் கூட்டுப்புழுவாகக் கிடப்பவை, அல்லது சருகுகளை நாலு இழையால் ஒட்டிக்கொள்பவை. எனவே பட்டைத் தேடிப் போகாதீர்கள். இடம், உயரம், உணர்கொம்பு, கம்பளிப்புழு ஆகிய நான்கையும் தேடுங்கள். இவற்றில் முதல் இரண்டுக்கும் இணையாகச் சிறகின் நிறம் எதையும் சொல்லாது.

படி 1: பூச்சியைத் தொடுமுன் சீட்டை எழுதுங்கள்

ஒவ்வொரு பூச்சியோடும் வைக்கும் சீட்டில் ஐந்து விவரம் கட்டாயம்: அட்சரேகை, தீர்க்கரேகை, கடல் மட்டத்திலிருந்து உயரம், தேதி, விளக்குக்கு வந்த நேரம். ஆள்கூறுகளைத் தசம வடிவில் 4 இலக்கம் வரை எழுதினால் போதும். அது ஏறத்தாழ 11 மீட்டர் துல்லியம். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதும் பழைய வழக்கம் இன்றும் நல்லது. 4.5.2019 என்பது மே மாதமா ஏப்ரலா என்று பின்னால் யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிராது.

கழித்தல் குறியில் கவனம் வேண்டும். தென்னமெரிக்காவின் பெரும்பகுதிக்கு இரண்டு எண்களுமே கழித்தலில் இருக்க வேண்டும். பெருவின் இக்கிடோஸ் நகரம் ஏறத்தாழ -3.75, -73.25. இரண்டு கழித்தல் குறியும் விட்டுப்போனால் அமேசான் பூச்சி மாலைத்தீவுக் கடலில் போய் விழும். இந்தப் பிழை வரைபடத்தில் உடனே கண்ணில் படும். ஒரே ஒரு குறி விட்டுப்போய், புள்ளி நிலநடுக்கோட்டைத் தாண்டி வெனிசுவேலாவிலோ கொலம்பியாவிலோ விழுந்தால்தான் ஆபத்து. அது நம்பும்படியாக இருக்கும்.

ஊர்ப் பெயரை மட்டும் நம்பவே கூடாது. "அமேசோனாஸ்" என்ற பெயரில் பிரேசிலிலும் வெனிசுவேலாவிலும் மாநிலம் உண்டு, கொலம்பியாவிலும் பெருவிலும் மாவட்டம் உண்டு. "குஸ்கோ" என்று மட்டும் எழுதிய சீட்டு, 4000 மீட்டருக்கு மேலுள்ள புல்வெளியையும் குறிக்கலாம், அதே நிர்வாகப் பகுதியின் தாழ்நிலக் காட்டையும் குறிக்கலாம். பொலிவியாவின் "சாந்தா குரூஸ்" பகுதிக்குள் ஆண்டீஸ் சரிவுக் காடு, சாக்கோ முட்காடு, சிக்கிட்டானோ வறண்ட காடு மூன்றும் அடங்கும். மூன்றிலும் வாழும் பூச்சிகள் வேறு வேறு.

விளக்கு வைக்கும் முறை எளிது. வெள்ளைத் துணித் திரை, பாதரச ஆவி விளக்கு. 160 வாட் சுயசமன் விளக்கானால் தனிச் சோக் வேண்டாம். 125 அல்லது 250 வாட் சாதாரண விளக்கானால் சோக் இல்லாமல் எரியாது. அமாவாசையை ஒட்டிய, புழுக்கமான, மூட்டமுள்ள இரவுகளே சிறந்தவை. நிலவு காய்ந்தால் வரவு சரிந்துவிடும். பலர் செய்யும் தவறு நள்ளிரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போவது. இரவின் பின்பாதியில் மட்டுமே வரும் பேரினங்கள் பல உண்டு. விடியும்வரை விளக்கு எரிய வேண்டும். விடியற்காலையில் சுற்றியுள்ள செடிகளின் அடியிலையையும் பார்க்க வேண்டும். விளக்குக்கு வருபவை பெரும்பாலும் ஆண்களே. பட்டியலில் பெண் இல்லை என்பதற்காக அந்த இடத்தில் பெண் இல்லை என்று ஆகாது.

எந்த நாட்டிலும் சேகரிப்பு அனுமதி இல்லாமல் பிடிக்காதீர்கள். பிரேசிலில் இதற்கு சிஸ்பியோ என்ற இணையவழி அனுமதி முறை இருக்கிறது. மரபணு வளங்களைப் பயன்படுத்துவது பற்றிய நகோயா உடன்படிக்கை 2014இல் நடைமுறைக்கு வந்தபின், மரபணு ஆய்வுக்காகப் பூச்சியின் ஒரு காலை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கும் அனுமதித் தாள் தேவைப்படலாம்.

படி 2: இது சாட்டர்னிடேதானா?

பெரிய உடல், வட்டக் கண்புள்ளி, இரவில் விளக்குக்கு வருதல் மூன்றும் இருந்தால் எல்லாரும் சாட்டர்னிடே என்று எழுதிவிடுகிறார்கள். அடிக்கடி மாட்டிக்கொள்வது தைசானியா அக்ரிப்பினா. சிறகு விரித்தால் 30 செ.மீ.க்குக் கிட்டத்தட்ட வரும், உலகின் மிக நீளச் சிறகுள்ள அந்துப்பூச்சி அது. ஆனால் எரிபிடே குடும்பம். உணர்கொம்பு வெறும் நூல்போல இருக்கும், வாயில் உறிஞ்சுகுழல் இருக்கும்.

சாட்டர்னிடேயில் உறிஞ்சுகுழல் சுருங்கியோ இல்லாமலோ போயிருக்கும். வளர்ந்த பூச்சி உண்பதில்லை. ஆணின் உணர்கொம்பு சீப்பு அல்லது பறவையிறகு போலக் கிளைத்திருக்கும். முன்சிறகையும் பின்சிறகையும் கொளுவும் முள் இருக்காது. அதற்குப் பதில் பின்சிறகின் தோள்பகுதி அகன்று முன்சிறகின் அடியில் நுழைந்திருக்கும். பருந்து அந்துப்பூச்சியில் அந்த முள் உண்டு, சிறகும் குறுகல். பத்து மடங்கு கைலென்சு இருந்தால் இரண்டு நிமிட வேலை.

படி 3: துணைக்குடும்பத்தைப் பிரியுங்கள்

இந்த அடுக்கை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். சார்லஸ் மிச்செனர் 1952இல் மேற்கு அரைக்கோளச் சாட்டர்னிடே முழுவதையும் ஒழுங்குபடுத்தினார். பிரான்சின் குளோட் லெமேர் 1978 முதல் 2002 வரை துணைக்குடும்பம் துணைக்குடும்பமாகப் பெரும் தொகுதிகளை வெளியிட்டார். இன்றும் ஒரு பெயர் சந்தேகமானால் லெமேரின் படங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

*சாட்டர்னினே.* ஆண், பெண் இரண்டின் உணர்கொம்பிலும் ஒவ்வொரு கணுவுக்கும் இரண்டு சோடிக் கிளைகள், நுனிவரை. தென்னமெரிக்காவில் முக்கியமாக இரண்டு பேரினங்கள். ரோத்ஸ்சைல்டியாவின் நான்கு சிறகுகளிலும் செதிலற்ற கண்ணாடிச் சன்னல் இருக்கும். நம் அட்லஸ் அந்துப்பூச்சியும் எரிப்பூச்சியும் சேர்ந்த அதே குழு. கோபாக்ஸாவின் கூடு வலைபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும், உள்ளிருக்கும் கூட்டுப்புழு வெளியே தெரியும். புழு வெண்ணெய்ப்பழ மரத்தையும் அதன் உறவு மரங்களையும் தின்னும். இவை தவிர அந்தெரேயா பேரினத்தின் காட்மனி இனம் மெக்சிகோவிலிருந்து கொலம்பியா வரை எட்டிப்பார்க்கிறது. நம் டசரின் பேரினத்துக்குத் தென்னமெரிக்காவில் உள்ள தொடர்பு அவ்வளவே.

*செரட்டோகாம்பினே.* ஆணின் உணர்கொம்பு அடிப்பாதியில் இறகுபோலவும் நுனிப்பகுதியில் வெறும் நூலாகவும் இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். ஈயக்லிஸ், சிதெரோனியா, சிஸ்ஃபிங்ஸ் இதில் அடங்கும். புழுக்களுக்குத் தோளில் கொம்பு இருக்கும், பார்க்கப் பயமாக இருக்கும், கொட்டாது. மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டாமலே கூட்டுப்புழுவாகும். ஈயக்லிஸ் இம்பீரியாலிஸ் பிரேசிலில் காப்பித் தோட்டத்தின் எதிரி.

*அர்செனூரினே.* பெரியவை, மரப்பட்டை நிறம், சிறகோரம் வெட்டியதுபோலவோ வாலாக நீண்டோ இருக்கும். கோபியோப்டெரிக்ஸின் வால் உடலைவிடப் பலமடங்கு நீளம். பிடிக்கும்போது முதலில் ஒடிவது அதுதான், ஆகவே வலை வேண்டாம், கண்ணாடிக் குடுவையால் மூடுங்கள். புழுக்களின் இளம் பருவத்தில் நீண்ட கொம்புகள். கடைசிப் பருவத்தில் அவை உதிர்ந்து மொழுமொழுவென்றாகும். இளம்புழுவையும் முதிர்புழுவையும் வேறு வேறு இனம் என்று எழுதிவிடுவது இதனால்தான். இதிலும் பட்டுக்கூடு இல்லை.

*ஆக்சிடெனினே, செர்கோஃபானினே.* முன்னது வெப்பமண்டலத்தின் சருகுபோன்ற பூச்சிகள். ஆக்சிடெனிஸின் இளம்புழு பறவை எச்சம்போலத் தோன்றும். பின்னது ஆண்டீஸிலும் சிலியிலும் மட்டுமே வாழும் சிறு கூட்டம். இரண்டும் முன்பு தனிக் குடும்பங்களாகவே எண்ணப்பட்டவை. பழைய அருங்காட்சியக இழுப்பறைகளில் அந்தப் பெயரில்தான் கிடக்கும்.

*ஹெமிலூசினே.* மீதியெல்லாம் இதில்தான். புதிய உலகத்துக்கு மட்டுமே உரிய துணைக்குடும்பம். லெமேர் 2002இல் 600க்கும் மேற்பட்ட இனங்களை இதில் வைத்தார். உங்கள் கையில் இருக்கும் பூச்சி எதுவென்று தெரியாவிட்டால் இதிலிருந்து தொடங்குவதே நடைமுறை.

படி 4: ஹெமிலூசினேயைப் பேரினம்வரை கொண்டுபோவது

முதலில் எச்சரிக்கை. இத்துணைக்குடும்பத்தின் புழுக்கள் கொட்டும். முள் கிளைத்து ஊசியிலைபோலத் தெரிந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது.

லோனோமியாதான் உயிருக்கு உலைவைப்பது. லோனோமியா ஒப்ளிகா தென்பிரேசிலிலும் அதை ஒட்டிய உருகுவே, அர்ஜென்டினாப் பகுதிகளிலும் உண்டு. லோனோமியா அகெலஸ் வடக்கே. பகலில் புழுக்கள் அடிமரத்தில் மரப்பட்டையோடு பட்டையாகக் கும்பலாக ஒட்டியிருக்கும். கை ஊன்றினால் ஒரே நேரத்தில் பல புழுக்களின் முள் ஏறிவிடும். முதலில் எரிச்சல், தலைவலி, குமட்டல். பின் ஈறில் இரத்தம், காரணமில்லாத கன்றல், சிறுநீரில் இரத்தம். சிறுநீரகம் செயலிழக்கவும் கூடும். புழுவின் நஞ்சு இரத்தம் உறையும் முறையையே குலைத்துவிடுவதுதான் காரணம். எரிச்சல் அடங்கிவிட்டது என்று வீட்டிலிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய் உறைவு நேரம் பார்க்க வேண்டும். முடிந்தால் புழுவை இடுக்கியால் எடுத்து மூடிய குப்பியில் காட்ட வேண்டும். சாவோ பாவுலோவின் புட்டான்டன் நிறுவனம் இந்த நஞ்சை முறிக்கும் சீரத்தைத் தயாரிக்கிறது. உள்ளூர் மக்கள் இவற்றைத் "தத்துரானா" என்கிறார்கள். துப்பி மொழியில் "நெருப்பைப் போன்றது".

ஹைலேசியாவில் ஆபத்து புழுவோடு நிற்பதில்லை. பெண்பூச்சியின் வயிற்று மயிரே கொட்டும். அது காற்றில் பறந்து தோலில் பட்டாலே தடிப்பும் அரிப்பும். வெனிசுவேலாவின் காரிபிட்டோ துறைமுகத்தின் பெயரால் இதற்குக் "காரிபிட்டோ அரிப்பு" என்றே பெயர் வந்தது. பிரெஞ்சு கயானாவின் கரையோர ஊர்களில் கூட்டம் பறக்கும் நாட்களில் தெருவிளக்கை அணைப்பதும் உண்டு. அங்கே திரையை உதறாதீர்கள், முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். திரைத்துணியை மற்ற துணியோடு துவைக்காதீர்கள். முட்டைத் திரளைப் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். பெண்பூச்சி அதே மயிரால்தான் முட்டையை மூடியிருக்கும்.

இனிப் பேரினம். பின்சிறகில் பெரிய கண்புள்ளி, முன்சிறகு சருகு நிறம்: ஆட்டோமெரிஸ் அல்லது அதன் உறவுகளான சூடாட்டோமெரிஸ், லூகனெல்லா, ஹைப்பர்கிரியா, ஆட்டோமெரினா. இனி முன்சிறகின் விளிம்பு, கண்புள்ளியின் கருவிழி, வெளிவளையங்களின் எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள். கண்புள்ளி இல்லாமல் முன்சிறகின் நடுவில் வெள்ளை "ஒய்" வடிவக் கோடு இருந்து, தொட்டவுடன் கீழே விழுந்து வரியிட்ட வயிற்றைச் சுருட்டிக் காட்டினால் பெரும்பாலும் டிர்ஃபியா. சிறியது, மங்கல், உடல் மயிரடர்ந்தது என்றால் ஹைலேசியா. சருகுபோல் தட்டையாக, குறுக்கே ஒரே நேர்கோடு ஓடினால் லோனோமியா. புகைப்படத்தில் பின்சிறகு மறைந்திருந்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் சொல்வது ஊகம்.

படி 5: நிலப்பகுதியோடு ஒத்துப்பாருங்கள்

கைக்குக் கிடைத்த பெயரை இப்போது இடத்தோடு மோதவிட வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் பெரும்பாலும் பெயர்தான் தவறு.

அமேசான் மற்றும் கயானாத் தாழ்நிலம்: அர்செனூரினே செழித்த இடம், கோபியோப்டெரிக்ஸ் செமிராமிஸ் இங்கே. கரையோர அலையாத்திக் காடுகளில் ஹைலேசியா மெடபஸ். பல இனங்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரவியிருப்பதாகப் பழைய பட்டியல்கள் சொல்லும்; அப்படிப்பட்ட பெயர்களையே முதலில் சந்தேகியுங்கள்.

ஆண்டீஸ்: கண்டத்தின் மிக நுணுக்கமான பகுதி. கோபாக்ஸா, லூகனெல்லா, செரோடிர்ஃபியா, ஜனியோடிஸ் ஆகியவை மேகக்காடுகளில் அடுக்கடுக்காக மாறுகின்றன. ஒரே சாலையில் 1000 மீட்டர் இறங்கினால் பட்டியலில் பாதிக்கு மேல் மாறிவிடும். கிழக்குச் சரிவும் மேற்குச் சரிவும் தனித்தனி உலகங்கள்; நடுவிலுள்ள குளிர்ந்த மேடு பூச்சியைக் கடக்கவிடாது. எனவே ஈக்வடோரின் பசிபிக் பக்கத்தில் பிடித்ததற்கு அமேசான் பக்கத்துப் பெயரைக் கண்ணைமூடிக்கொண்டு வைக்கக் கூடாது.

அட்லாண்டிக் காடு: பிரேசிலின் கிழக்குக் கரையோரம். ரோத்ஸ்சைல்டியா ஜகோபேயே, லோனோமியா ஒப்ளிகா, கோபாக்ஸா ஜாய்ன்வில்லியா போன்றவற்றின் இடம். இடையிலுள்ள வறண்ட நிலம் இந்தக் காட்டை அமேசானிலிருந்து பிரிப்பதால், இரு பக்கமும் ஒத்த உருவமுள்ள வெவ்வேறு இனங்கள் வாழ்வது வழக்கம்.

அந்த வறண்ட பட்டையில், கட்டிங்கா, செராடோ, சாக்கோ மூன்றிலும், எதைப் பிடிப்பது என்பதைவிட எப்போது போவது என்பதே கேள்வி. கூட்டுப்புழுக்கள் வறண்ட மாதங்களை உறங்கிக் கழித்து முதல் மழையோடு வெளிவரும். செராடோவில் அது செப்டம்பர், அக்டோபர். ஜூலையில் போய் வெறுங்கையோடு திரும்பியவர் அங்கே பூச்சி இல்லை என்று எழுதினால் அது தவறான பதிவு. வடமேற்கு அர்ஜென்டினாவில் ரோத்ஸ்சைல்டியா டுக்குமானி, ரோத்ஸ்சைல்டியா மாரஸ் இருக்கின்றன.

சிலியும் பதகோனியாவும் தனிக்கதை. ஆண்டீஸும் அட்டகாமா பாலைவனமும் மறித்துவிட்டதால் இங்குள்ள காடுகளின் தொகுதி முற்றிலும் வேறு: செர்கோஃபானா, நியோசெர்கோஃபானா, போலிதைசானா, ஓர்மிஸ்கோடிஸ். போலிதைசானாவின் ஆண்கள் பகலில் பறப்பவை. இரவு விளக்கு மட்டும் வைத்தால் ஆண் ஒன்றுகூடச் சிக்காது. ஓர்மிஸ்கோடிஸ் ஆம்ஃபிமோனி சில ஆண்டுகளில் பெருகி, பதகோனியாவின் லெங்கா மரக்காடுகளை மலைச்சரிவோடு மொட்டையடித்துவிடும். உருகுவே, தென்பிரேசில், அர்ஜென்டினாப் புல்வெளிகளின் ஹெலிகோனிசாவும் பகல் பூச்சிதான்.

படி 6: இனத்தை உறுதி செய்தல்

ரோத்ஸ்சைல்டியாவில் சன்னலின் வடிவமும், அது சிறகின் குறுக்குக்கோட்டைத் தொடுகிறதா இல்லையா என்பதும் உதவும். ஆனால் ஒரே தாயின் முட்டைகளில் வந்தவற்றிலேயே சன்னல் அளவு மாறும். எனவே ஒரு பூச்சியை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பெண் கிடைத்தால் ஓர் இரவு காகிதப் பைக்குள் விடுங்கள். முட்டையைக் காகிதத்தில் ஒட்டிவிடும். சுரண்டி எடுத்தால் முட்டை உடையும். காகிதத்தோடு வெட்டி எடுங்கள். ரோத்ஸ்சைல்டியா புழுக்கள் லிகஸ்ட்ரம் செடியில் நன்றாக வளரும். ஜகோபேயே நம் எரிப்பூச்சியைப் போல ஆமணக்கையும் தின்னும். பெட்டிச் சுவரில் நீர் கோத்தால் நோய் வந்து ஓரிரு நாளில் கூட்டமே அழுகும். நெரிசலைக் குறைத்து, தினமும் எச்சத்தை அள்ளி, வலைமூடிக்கு மாறுங்கள். கடைசிப் புழுவையும் கூட்டையும் படமெடுத்துவையுங்கள். சிறகு சொல்லாத வேறுபாட்டைப் புழு சொல்லும். உயிருள்ள கூடுகளை இந்தியாவுக்கோ இலங்கைக்கோ கொண்டுவருவது தாவர நோய்த்தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. வளர்ப்பை அங்கேயே முடியுங்கள்.

ஹைலேசியா, ஆட்டோமெரிஸ், லோனோமியாவில் ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்காமல் இனப்பெயர் எழுத வேண்டாம். வயிற்று நுனியை வெட்டி 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இரவு முழுக்க ஊறவிடுங்கள், அல்லது வெந்நீர்த் தொட்டியில் குறைந்த நேரம் சூடாக்குங்கள். அதிகம் வெந்தால் மென்படலம் கரைந்து உறுப்புகள் கழன்றுவிடும். குறைவாக வெந்தால் கொழுப்பு மறைக்கும். பின் நீரில் அலசி, 70% எத்தனாலில் தூரிகையால் செதிலை நீக்கி, கிளிசரின் நிரப்பிய சிறு குப்பியில் போட்டு, பூச்சி குத்தியிருக்கும் அதே ஊசியில் குத்திவையுங்கள். குப்பியைத் தனியே வைத்தால் ஒரு நாள் எண் மாறிப்போகும்.

மரபணுவுக்கு ஒரு கால் போதும், 96% எத்தனாலில். எத்தில் அசிட்டேட் கொண்டு கொன்ற பூச்சியில் மரபணு சிதையும் என்பதால், அம்மோனியா ஊசியோ உறைபெட்டியோ மேல். வழக்கமாகப் படிப்பது, இனங்களைப் பிரித்தறியப் பயன்படும் சிஓஐ (COI) மரபணுவின் 658 எழுத்துத் துண்டு. இத்துண்டின் துணையோடுதான் 2008க்குப் பின் பிரெக்லின், மைஸ்டர் என்ற இரு ஆய்வாளர்களும் நூற்றுக்கணக்கான புதிய பெயர்களை வெளியிட்டார்கள். 2018இன் உலகப் பட்டியலில் சாட்டர்னிடே 3400 இனங்களைத் தாண்டியது. எங்கள் கருத்து இதுதான்: அத்துண்டில் 2% வேறுபாடு மட்டும் புது இனத்துக்குச் சான்று ஆகாது. இடைப்பட்ட இடங்களின் மாதிரிகளும் வேண்டும், உறுப்பு அல்லது புழு வேறுபாடும் கூடவே இருக்க வேண்டும். இல்லையேல் இரு முனைகளில் மட்டும் பிடித்து, நடுவே படிப்படியாக மாறும் ஒரே இனத்தை இரண்டாக்கிவிடுவோம்.

படி 7: பரவல் வரைபடம்

பதிவுகளை மூன்று நிறத்தில் பிரியுங்கள்: உறுப்பு அல்லது மரபணுவால் உறுதியானவை, மாதிரி இருந்தும் வெளித்தோற்றத்தால் மட்டும் பெயரிட்டவை, புகைப்படம் மட்டும் உள்ளவை. ஒவ்வொரு பழைய சீட்டுக்கும் பிழை ஆரத்தைக் கிலோமீட்டரில் எழுதுங்கள். ஆண்டீஸில் அந்த ஆரம் 5 கி.மீ.யைத் தாண்டினால் உயரத்தைக் கணிக்க அப்பதிவைப் பயன்படுத்தாதீர்கள், செங்குத்துச் சரிவில் அந்த வட்டத்துக்குள் 2000 மீட்டர் ஏற்றத்தாழ்வு அடங்கிவிடும்.

புள்ளிகளின் வெளிவிளிம்பைச் சுற்றிக் கோடு இழுத்து உள்ளே நிறம் அடிப்பது கடுமையான பிழை. இரு சரிவிலும் புள்ளியுள்ள இனத்துக்கு அப்படி வரைந்தால் பனிமலையும் அதன் வாழிடமாகிவிடும். 500 மீட்டர் சமவுயரக் கோடுகளை அடியில் வைத்து, சரிவுவாரியாகத் தனித்தனியே நிரப்புங்கள். வெற்றிடத்தையும் சரியாகப் படியுங்கள்: புள்ளிகள் சாலையோரத்திலும் ஆய்வு நிலையங்களைச் சுற்றியுமே திரளும். யாரும் விளக்கு வைக்காத இடத்தை வேறு நிறத்திலும், அமாவாசை இரவில் விடியும்வரை விளக்கு எரிந்தும் வராத இடத்தை வெற்று வட்டத்திலும் குறியுங்கள். பின்னால் அங்கே போகிறவர் எந்த மாதம் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு வெற்று வட்டத்தின் பக்கத்திலும் தேதியை எழுதிவிடுங்கள்.